படையும் குடியும்

வருசநாட்டில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்

அரசுக்குரிய உறுப்புகள் ஆறு என்று கணக்கிட்ட வள்ளுவர், அவற்றுள் படையையும் குடியையும் அடுத்தடுத்து வைத்தார். முடியாட்சியில் இவ்விரண்டும் மன்னனுக்கு அடங்கியவை. குடியாட்சி வந்தபோது குடி தன் பழைய இடத்தை விட்டெழுந்து மன்னன் இருந்த இடத்தில் அமர்ந்தது. படையோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயுதம் ஏந்தியவர்கள் ஆயுதம் இல்லாதவர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும் என்ற புதிய விதி அப்போதுதான் பிறந்தது. இதனையே அரசியல் நூலோர் ராணுவத்தின் மீதான குடிமை அதிகாரம் என்பர். போரைத் தொடங்குவதா நிறுத்துவதா, எவ்வளவு படை வைப்பது, அதற்கு எவ்வளவு செலவிடுவது, தளபதியாக யாரை அமர்த்துவது, உள்நாட்டுத் தெருவில் படையை இறக்குவதா வேண்டாமா என்பவற்றையெல்லாம், சீருடை அணியாதவர்களும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களுமான ஆட்சியாளர்கள் முடிவு செய்ய, தளபதிகள் தம் கருத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்துவிட்டு, முடிவு எதுவாயினும் அதை நிறைவேற்றுவது என்பதே இதன் பொருள்.

இந்திய ராணுவம் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றதில்லை என்பது பெருமைக்குரிய உண்மை. ஆனால் அது இந்தியரின் இயல்பால் அமைந்தது என்றும், படைவீரரின் நற்குணத்தால் விளைந்தது என்றும் பலர் எண்ணுவது சரியன்று. ஒரே பாசறையில் பயின்று, ஒரே உணவுக்கூடத்தில் உண்டு, ஒரே போரில் நின்ற அதிகாரிகள் 1947இல் இரு நாடுகளுக்குப் பிரிந்து சென்றார்கள். ஒரு நாட்டில் ராணுவம் பணிந்தது, மற்றொன்றில் ஆண்டது. ஆகவே காரணத்தை மனிதரின் குணத்தில் தேடாமல், 1946 முதல் 1955 வரையிலான ஆண்டுகளில் சட்டத்தாலும் நிதியாலும் பதவி அமைப்பாலும் செய்யப்பட்ட ஏற்பாடுகளில் தேட வேண்டும். அவ்வேற்பாட்டில் ஒரு பாதிதான் நிறைவேறியிருக்கிறது என்பதே இவ்வுரை நிறுவ விரும்பும் கருத்து. படை அரசுக்குப் பணிகிறது. ஆனால் படைக்கு ஆணையிட்ட அரசு, அவ்வாணைக்காக மக்கள் மன்றத்தில் பதில் சொல்லும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

குடிமை அதிகாரம் என்பதும் மக்களாட்சி என்பதும் ஒன்றல்ல என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறே காட்டும். இப்பகுதி மக்கள் பொங்கலையொட்டி ஜனவரி 15 அன்று பிறந்தநாள் கொண்டாடும் ஜான் பென்னிகுயிக் ஒரு ராணுவப் பொறியாளர். பெரியாற்றின் குறுக்கே அணை எழுப்பிய நாளில் அவர் சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையின் கீழ் வேலை செய்தார். மதிப்பீடும் நிதி ஒப்புதலும் குடிமை அரசிடமிருந்தே வந்தன. மெட்ராஸ் பயனியர் படைப்பிரிவினரும் அக்காட்டில் உழைத்தார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அதே 1895இல்தான் சென்னை, பம்பாய், வங்க மாகாணங்களின் தனித்தனிப் படைகள் ஒரே இந்திய ராணுவமாக இணைக்கப்பட்டன. அன்றும் படை குடிமை அரசுக்குக் கட்டுப்பட்டே இருந்தது. ஆனால் அந்த அரசை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் சிறிது தொலைவில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பெயர்ப்பதிவு செய்ய மறுத்த அவ்வூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று ஆயுதக் காவலர் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சட்டம் இருந்தது, குடிமை அதிகாரிகள் இருந்தார்கள், ஆணையும் இருந்தது. அவ்வாணைக்காகக் கேள்வி கேட்கக்கூடிய வாக்காளர்தான் இல்லை. படையையோ காவலரையோ கட்டுப்படுத்தும் கை குடிமைக் கையாக இருந்தால் மட்டும் போதாது, அக்கையை மக்கள் பிடித்து நிறுத்தவும் முடிய வேண்டும்.

ஆங்கிலேய ஆட்சியில் குடிமை அதிகாரமேகூட உறுதியாக நிற்கவில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் ராணுவ உறுப்பினர் என்றொருவர் இருந்து, தலைமைத் தளபதியின் கோரிக்கைகளைச் சீர்தூக்கி வைஸ்ராய்க்குத் தனிக் கருத்து வழங்குவது பழைய முறை. 1902இல் தலைமைத் தளபதியாக வந்த கிச்சனர், தமக்கு மேல் இன்னொரு ராணுவ ஆலோசகர் இருப்பதை ஏற்கவில்லை. வைஸ்ராய் கர்சனோ, ஆலோசனையும் படைத்தலைமையும் ஒருவரிடமே குவிந்தால் குடிமை அரசு கண்ணிருந்தும் குருடாகிவிடும் என்று வாதாடினார். லண்டன் அரசு கிச்சனர் பக்கம் சாய, 1905இல் கர்சன் பதவி விலகினார். பல வகையிலும் இந்தியரின் வெறுப்புக்கு ஆளான கர்சன் இந்த ஒன்றில் சரியாகவே கண்டார் என்று சொல்லத்தான் வேண்டும். அதன் பின் 1946 வரை தலைமைத் தளபதியே ராணுவத்தை நடத்துபவராகவும், ராணுவத்தைப் பற்றி அரசுக்கு அறிவுரை கூறுபவராகவும், அரசின் உறுப்பினராகவும் மூன்று வேடம் பூண்டு, வைஸ்ராய்க்கு அடுத்த நிலையில் இருந்தார். இதற்கு மேல், 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ராணுவச் செலவை வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டதாக ஆக்கியது. மத்திய சட்டமன்றத்தில் இந்திய உறுப்பினர்கள் அச்செலவைப் பற்றிப் பேசலாம், கண்டிக்கலாம்; ஒரு ரூபாயைக்கூட வெட்ட முடியாது. 1935ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பை கவர்னர் ஜெனரலின் தனி அதிகாரத்துக்கு ஒதுக்கியது.

1946 செப்டம்பர் 2 அன்று இடைக்கால அரசு பதவியேற்றபோது, பாதுகாப்புத் துறை முதன்முதலாக ஒரு குடிமகன் கைக்கு வந்தது. பஞ்சாபின் அரசியல் தலைவரான பல்தேவ் சிங் அத்துறையின் உறுப்பினரானார்; தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அமைச்சரவையில் இடமின்றி, துறைக்கு அடங்கிய தளபதியானார். 1947 ஆகஸ்ட் 15 முதல் முப்படைகளுக்கும் சேர்த்து ஒரே தலைமைத் தளபதி என்ற நிலை நீங்கி, தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றுக்கும் தனித் தளபதி வந்தார். இதன் பயன் பெரிது. எண்ணிக்கையில் மிகப் பெரியதான தரைப்படையின் தலைவர் மற்ற இரு படைகளின் குரலையும் தம் குரலாக்கிப் பேசும் வாய்ப்பு இல்லாமல் போனது. தலைமைத் தளபதிக்கென்று தில்லியில் எழுப்பப்பட்டிருந்த ஃபிளாக்ஸ்டாஃப் மாளிகை, பின்னாளில் தீன்மூர்த்தி பவன் என்று பெயர் பெற்று, பிரதமர் நேருவின் இல்லமானது. வீடு மாறியதைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது. தலைநகரில் யார் எந்த மாளிகையில் குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே அதிகாரம் யாரிடம் என்று மக்கள் அறிந்துகொண்ட காலம் அது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு இம்மாற்றத்தைச் சட்டமாக்கியது. பிரிவு 53 முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அதைச் செலுத்தும் முறையைச் சட்டத்துக்கு உட்படுத்தியது. பிரிவு 74 குடியரசுத் தலைவரை அமைச்சரவையின் அறிவுரைக்கு உட்படுத்தியது. ராணுவச் செலவு பிற துறைகளின் செலவைப் போலவே மானியக் கோரிக்கையாக மக்களவையின் வாக்குக்கு வந்தாக வேண்டும் என்றானது. பிரிவு 33 வழங்கிய அதிகாரத்தின்படி, ராணுவத்தினர் அரசியல் அமைப்புகளில் சேர்வதையும் பத்திரிகைகளுக்குக் கருத்துரைப்பதையும் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் வரையறைக்குள் கொண்டுவந்தது. 1949 ஜனவரி 15 அன்று முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற கரியப்பா நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். இறுதியாக 1955இல் நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டம் இயற்றி 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பட்டத்தையே நீக்கியது; தளபதிகள் அரசின் படைத்துறை அலுவலர்களுக்குத் தலைவர்கள் என்ற நிலை வந்தது. கர்சன் தோற்ற வழக்கில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இந்தியக் குடியரசு வென்றது என்றே இதைக் கருதலாம்.

இம்மாற்றங்களுள் தமிழர்களை நெஞ்சில் தொட்ட முடிவு ஒன்று உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தோட்டத் தொழிலாளர்களும் சிறு வணிகர்களுமான தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து அப்படைக்கு மாறிய வீரர்களும் இருந்தார்கள். 1945 இறுதியில் செங்கோட்டையில் நடந்த வழக்கில் அவர்களுக்காக வழக்கறிஞர் அங்கி அணிந்து நின்றவர்களுள் நேருவும் ஒருவர். அதே நேரு பிரதமரானபின், அவ்வீரர்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் மீண்டும் சேர்க்கவில்லை. பல குடும்பங்கள் இதை நன்றிகெட்ட செயலாகவே கருதின. அவ்வருத்தத்தில் நியாயம் இருந்தது. எனினும், ஒரு படை தன் மனச்சான்றின்படி அரசை மாற்றிக்கொள்ளலாம் என்ற முன்மாதிரியை, அது எவ்வளவு உயர்ந்த நோக்கத்தில் பிறந்திருந்தாலும், புதிய ராணுவத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்ற எண்ணம் அம்முடிவில் செயல்பட்டது. முடிவு சரியானது. தவறு வேறிடத்தில் இருந்தது. படையில் இடமில்லை என்ற அரசு, அவர்களின் வாழ்வுக்கு உரிய ஓய்வூதியத்தையும் மரியாதையையும் உடனே வழங்கியிருக்க வேண்டும். மத்திய அரசின் விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டம் வருவதற்கு 1972 ஆயிற்று.

படையில் எந்த மாகாணத்தார், எந்தச் சமூகத்தார் எவ்வளவு பேர் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. ஒரு காலத்தில் கும்பினிக்கு நாடு பிடித்துக் கொடுத்த சென்னைச் சிப்பாய்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்குணம் குறைந்தவர்கள் என்று ஆங்கிலேயத் தளபதிகள் ஒதுக்கினார்கள். வடமேற்கு இந்தியாவின் சில சமூகங்களே போர்க்குடிகள் என்னும் கொள்கை கோலோச்சியது. 1930இல் வெளிவந்த சைமன் ஆணைக்குழு அறிக்கையின்படி, பஞ்சாப் 86,000 வீரர்களை அளித்தபோது சென்னை மாகாணம் அளித்தது 4,000 மட்டுமே. மெட்ராஸ் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில்தான் மீண்டும் எழுப்பப்பட்டது. பாகிஸ்தான் கோரிக்கையைப் பற்றி 1940இல் எழுதிய நூலில் அம்பேத்கர் இந்தச் சமனின்மையைப் புள்ளிவிவரத்தோடு எடுத்துக்காட்டி, ஒரு வட்டாரத்தின் பிடியில் உள்ள படையை நம்பிச் சுதந்திர அரசு நிம்மதியாக ஆள முடியுமா என்ற வினாவை எழுப்பினார். பிரிவினை அவ்வினாவுக்குக் கொடூரமான முறையில் விடையளித்தது. பாகிஸ்தானுக்குப் பெரும்பாலும் ஒரே மாகாணத்துப் படையும், வலுவான கட்சி அமைப்பு இல்லாத அரசியலும் வாய்த்தன. பதவியிலிருந்த தளபதி அயூப் கானையே 1954இல் பாதுகாப்பு அமைச்சராகவும் அமர்த்தினார்கள். 1958 அக்டோபரில் அவர் நாட்டையே கைக்கொண்டார். இந்தியாவுக்கோ பல வட்டாரங்களும் பல மொழிகளும் கலந்த படை அமைந்தது. இன்று தேனி மாவட்டத்து இளைஞர் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியாகத் தேர்வாகி, குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயின்று, வடகோடி எல்லையில் காவல் நிற்பது அவருக்கு வேலை. குடியரசுக்கு அது பாதுகாப்பு.

அமெரிக்க அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன், படைவீரனையும் அரசையும் பற்றி 1957இல் வெளியிட்ட நூலில், ராணுவத்தைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு என்றார். படையை ஆட்சியிலிருப்பவர்களின் கட்சியோடும் சமூகத்தோடும் கலந்து, தளபதிகளைத் தம் ஆட்களாக ஆக்கிக்கொள்வது ஒரு வழி. இதனை அவர் அகநிலைக் கட்டுப்பாடு என வகுத்தார். படைத்தொழிலின் எல்லையை வரையறுத்து, அவ்வெல்லைக்குள் தளபதிகளுக்குச் சுதந்திரம் அளித்து, எல்லைக்கு வெளியே அவர்கள் வாய் திறக்காதபடி செய்வது மற்றொரு வழி; அது புறநிலைக் கட்டுப்பாடு. இரண்டாம் வழிக்கு ஒரு தமிழரின் வாழ்வே சான்றாகிறது. 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த பி. பி. குமாரமங்கலத்தின் தந்தை டாக்டர் ப. சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்தில் ஊறியவர்கள். வீடு முழுவதும் அரசியல். 1967 தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் வீழ்ந்து, இந்திய மக்களாட்சி சிதறிக்கொண்டிருக்கிறது என்று லண்டன் 'டைம்ஸ்' இதழ் நிருபர் எழுதிய ஆண்டு அது. அந்த ஆண்டிலும் ராணுவம் தன் பாசறையை விட்டு வெளியே வரவில்லை. தளபதியின் குடும்ப அரசியலைக் காட்டி அவரைச் சந்தேகிக்க வேண்டிய தேவையும் அரசுக்கு ஏற்படவில்லை.

முதல் வழிக்குச் சான்று பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் 1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகத்தை, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு ஏப்ரலில் அவசரநிலை அறிவித்துப் படையைக் கொண்டு ஒடுக்கியது. தலைவர்கள் பனாகொடை ராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களை எதிர்கொள்ள ராணுவத்தை அனுப்பிய அரசு, ஓராண்டுக்குள் அதே ராணுவத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதாயிற்று. 1962 ஜனவரி 27 இரவு, கர்னல் எப். சி. டி சேரம் முதலிய ராணுவ அதிகாரிகளும் மூத்த காவல்துறை அதிகாரிகளும் ஆட்சியைக் கைப்பற்றத் தீட்டிய திட்டம் கடைசி நேரத்தில் அம்பலமானது. அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர்கள். சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் இருந்தார்கள். அவர்களைத் தண்டிக்கவென்றே நாடாளுமன்றம் முன்தேதியிட்டு ஒரு சிறப்புச் சட்டம் இயற்றியது. அதன்கீழ்ப் பதினொருவர் தண்டிக்கப்பட்டார்கள். 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில், குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்காகச் சட்டம் செய்வது நீதித்துறையின் அதிகாரத்தைச் சட்டமன்றம் பறிப்பதாகும் என்று கூறி, அனைவரையும் விடுவித்தது. சட்டத்தை மீறியவர்களை அடக்கச் சட்டத்தின் அடிப்படையையே மீறக் கூடாது என்ற இத்தீர்ப்பு பொதுநலவாய நாடுகளில் இன்றும் மேற்கோளாகிறது. ஆனால் அரசு கற்ற பாடம் வேறு. அதன் பின் ஆட்சியாளருக்கு நெருக்கமான அதிகாரிகளும் பெரும்பான்மைச் சமூகத்தவரும் படையில் மேலோங்கினார்கள். எண்பதுகளில் இலங்கை ராணுவம் ஏறக்குறைய முழுவதும் சிங்களப் படையாகவே இருந்தது. ஆட்சிக்கவிழ்ப்பு அச்சம் நீங்கியது. அதற்குரிய விலையை வடக்கு கிழக்குத் தமிழர்கள் கொடுத்தார்கள்.

இந்தியாவும் முதல் வழியில் சிறிது தூரம் நடந்து பார்த்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி உயர்வுகளில் தலையிடுகிறார் என்று மனம் கசந்த தளபதி திம்மையா 1959 ஆகஸ்ட் 31 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேருவின் வேண்டுகோளுக்கு இணங்கித் திரும்பப் பெற்றார். குடிமை அதிகாரமே உயர்ந்தது என்று நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தது சரியே. ஆனால் தளபதி ஏன் அந்த எல்லைக்குப் போனார் என்ற கேள்வி அதில் அமிழ்ந்துவிட்டது. ஆட்சியாளரின் நம்பிக்கைக்குரியவர் என்பதால் உயர்த்தப்பட்டவராகப் பலரும் கருதிய பி. எம். கௌல் 1962 போரில் வடகிழக்கு முனையின் பொறுப்பில் இருந்தார், போர் தோற்றது, மேனன் பதவி இழந்தார். தோல்வியை ஆராய்ந்து 1963இல் அளிக்கப்பட்ட ஹென்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை எந்த அரசும் இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. மேனனையும் கௌலையும் குறைகூறிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அறிக்கையை அறுபது ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருப்பது அவர்கள் செய்த பிழைகளுக்குக் குறைந்ததன்று. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையிலாவது, 2000இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வெளியிட்டதால் நாடு எதையும் இழக்கவில்லை.

குடிமை அதிகாரத்தைத் தில்லியில் மட்டுமே தேடுவது தவறு. அதன் மிகக் கூர்மையான வடிவம் வட்டாட்சியர் அலுவலக அளவில் இருக்கிறது. சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தைக் காவல்துறையால் கலைக்க முடியாமல் போய், பொதுப் பாதுகாப்புக்கு அது கலைக்கப்பட்டே ஆக வேண்டும் என்னும்போது மட்டுமே ராணுவத்தை அழைக்கலாம். அழைப்பவர் மாவட்ட நிர்வாக நடுவரான ஆட்சியராகவோ, அவர் அதிகாரமளித்த நிர்வாக நடுவராகவோ இருக்க வேண்டும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் இவ்விதி, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 130ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149ஆம் பிரிவாகியிருக்கிறது. நடுவர் கேட்டால் படை அதிகாரி மறுக்க முடியாது. ஆனால் எப்படிக் கலைப்பது என்பது அவர் முடிவு. அப்படிக் கலைக்கும்போது மிகக் குறைந்த வலிமையையே பயன்படுத்தி, உடலுக்கும் உடைமைக்கும் மிகக் குறைந்த சேதமே விளைவிக்க வேண்டும் என்பது அவர்மீது சட்டம் சுமத்தும் கடமை. நடுவரைத் தொடர்புகொள்ளவே முடியாத நெருக்கடியில் அதிகாரி தாமாகச் செயல்படலாம். தொடர்பு கிடைத்த கணம் முதல் நடுவரின் சொல்லுக்குத் திரும்பியாக வேண்டும். உத்தமபாளையத்திலோ பெரியகுளத்திலோ அமர்ந்திருக்கும் ஒரு குடிமை அதிகாரிக்கு இவ்வளவு பெரிய பொறுப்பைச் சட்டம் தந்திருக்கிறது என்பதை இம்மாவட்டத்து மக்கள் அறிந்திருத்தல் நலம்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைக்காகக் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியே குமுளி எல்லை நோக்கி ஆயிரக்கணக்கான உழவர்கள் திரண்டபோது, அக்கூட்டத்தை எதிர்கொண்டது காவல்துறை, ராணுவம் அன்று. அணைக்குக் காவலாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையை நிறுத்த வேண்டும் என்று தமிழ்நாடு கோரியதே, அதுவும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆயுதக் காவல் படைதான். இவ்வேறுபாடு நுணுக்கமானது போல் தோன்றினாலும் உயிர்நாடியானது. காவலருக்கு எதிரில் இருப்பவர் குடிமகன். ராணுவ வீரருக்கு எதிரில் இருப்பவர் பகைவர். பயிற்சியே அப்படி. அதனால்தான் 1965 மொழிப் போராட்டத்தின்போது பக்தவத்சலம் ஆட்சியில் ராணுவம் அழைக்கப்பட்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பொள்ளாச்சியின் பெயர் இன்றும் அந்த நினைவோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. ஆனால் மக்கள் யாரைப் பொறுப்பாக்கினார்கள் என்பதே இங்கு முதன்மையானது. 1967 தேர்தலில் அவர்கள் தண்டித்தது ஆணையிட்ட ஆட்சியை: திருப்பெரும்புதூரில் பக்தவத்சலமும், விருதுநகரில் காமராசரும் தோற்றார்கள். வீரன்மீது பழியைப் போட்டுவிட்டு ஆட்சியாளரைத் தப்பவிடாத அந்தத் தெளிவு தமிழக வாக்காளருக்கு இருந்தது.

இதற்கு நேர்மாறான நிலையை 1958ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் உருவாக்கியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒடுக்க வைஸ்ராய் லின்லித்கோ பிரபு 1942இல் பிறப்பித்த அவசரச் சட்டமே இதன் மூலம். பதற்றப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில், நடுவரின் ஆணையின்றியே, ஆணைபெறா அதிகாரி நிலையில் உள்ளவர்கூட உயிர் போகும் அளவுக்கு வலிமையைப் பயன்படுத்த இச்சட்டம் இடம் தருகிறது. மத்திய அரசின் முன் அனுமதியின்றி அவர்மீது வழக்குத் தொடரவும் முடியாது. பதற்றப் பகுதி என்று அறிவிப்பது குடிமை அரசு, அனுமதி மறுப்பதும் குடிமை அரசு. ஆகவே குடிமை அதிகாரம் இங்கே இல்லை என்று சொல்ல முடியாது; அது மக்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. மணிப்பூர் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய பகுதியிலும் படையினருக்கு முழு விலக்கு கிடையாது என்று கூறியது ஓரளவு ஆறுதல்.

அமைதிப் படையின் கதையைத் தமிழரிடம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை சென்ற அப்படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கி, 1990 மார்ச் 24 அன்று முழுவதுமாகத் திரும்பியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் மாண்டார்கள். மாண்ட ஈழத் தமிழ்க் குடிமக்கள் பலர். திரும்பிய படையைச் சென்னையில் வரவேற்க முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. அன்றைய தளபதி சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர்; படை அரசின் ஆணைக்குப் பணிந்தது; குடிமை அதிகாரம் வழுவின்றி இயங்கியது. ஆனாலும் விளைவு பேரிழப்பு. நாட்டுக்கு வெளியே படை அனுப்புவதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலை அரசமைப்பு கேட்கவில்லை. அனுப்பியபின் தொடர்ந்து கணக்குக் கேட்கும் அமைப்பையும் நாடாளுமன்றம் உருவாக்கிக்கொள்ளவில்லை. இலங்கையிலோ, போர் முடிந்த 2009 முதல் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி வட மாகாண ஆளுநராக இருந்தார். 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண சபையும் முதல்வர் விக்னேஸ்வரனும் குடிமகன் ஒருவரை ஆளுநராக்கக் கோரி வந்தார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியபின் தூதுவராக இருந்த பாலிகக்கார அப்பதவிக்கு வந்தார். நான்கே ஆண்டுகளில் கோத்தபய ராஜபக்ச ஆட்சி ராணுவத்தினரைக் குடிமைப் பொறுப்புகளில் அமர்த்தத் தொடங்கியது; கொரோனாத் தடுப்புப் பணிக்கே ராணுவத் தளபதி சவேந்திர சில்வா தலைமை தாங்கினார். சட்டத்தாலும் அமைப்பாலும் உறுதிசெய்யப்படாத சீர்திருத்தம் அடுத்த தேர்தல்வரைதான் நிற்கும்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதிக்காக மாவட்ட ஆட்சியரின் முயற்சியில் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உண்டியல் வருகிறது; மக்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் முதியவர்களுக்கும் போர்க்கைம்பெண்களுக்கும் அது சேர்கிறது. அது செய்யத்தக்க கடமையே. ஆனால் அவ்வீரரை எந்தப் பனிமலைக்கு, எந்தக் கருவியோடு, எந்த நோக்கத்துக்காக அனுப்பினார்கள் என்று கேட்பதும் வாக்காளரின் கடமை. அதைக் கேட்பதற்குரிய இடம் மக்களவை. 1919இல் பேச மட்டுமே முடிந்தது, வாக்களிக்க முடியவில்லை; இன்று வாக்களிக்கும் உரிமை உண்டு, பல ஆண்டுகளில் பாதுகாப்பு மானியக் கோரிக்கை பேச்சே இல்லாமல் பிற கோரிக்கைகளோடு சேர்த்து ஒரேயடியாக நிறைவேற்றப்படுகிறது. 1993 முதல் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. அதன் அறிக்கைகள் மக்களவையின் முன் வைக்கப்படுகின்றன, விவாதம் நடப்பது அரிது. ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம், உசிலம்பட்டி, சோழவந்தான் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் மக்கள் சேர்ந்து தேனியிலிருந்து ஓர் உறுப்பினரை அனுப்புகிறார்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், பாதுகாப்புச் செலவு மீதான விவாதத்தைக் கோரி எழுந்து நிற்பீர்களா, 1963ஆம் ஆண்டு அறிக்கையை வெளியிடச் சொல்வீர்களா என்று வருசநாட்டு வாக்காளர்கள் அவரிடம் கேட்க வேண்டும்.